தாண்டிப் போன வரி

1

பிள்ளைகளா, நம் பள்ளிக்கூடத்து ஆண்டு மலருக்கு ஒரு கட்டுரை வேண்டும் என்று உங்கள் கலைச்செல்வி டீச்சர் என்னிடம் கேட்டு மூன்று வாரம் ஆகிறது. தலைப்பையும் அவரே கொடுத்துவிட்டார். 'புத்தகம் படித்து ஆங்கிலத்தை வளர்த்துக்கொள்வது எப்படி?' நான் உங்கள் பள்ளிக்கூடத்தில் பத்தாவது வரை படித்தவன். அப்புறம் தஞ்சாவூரில் ஐ.டி.ஐ. முடித்தேன். இருபத்தாறு வருஷமாகச் சிங்கப்பூரில் கப்பல் பழுது பார்க்கிற யார்டில் வேலை. கட்டுரை எழுதிப் பழக்கமில்லை. ஆனாலும் இந்தத் தலைப்பில் எழுத எனக்குக் கொஞ்சம் அருகதை உண்டு என்று நினைத்துச் சரி என்று சொல்லிவிட்டேன்.

போன செவ்வாய்க்கிழமை டீச்சர் என் போனுக்கு ஒரு படம் அனுப்பினார். பள்ளிக்கூடத்தில் புதிதாகத் திறந்திருக்கிற நூலக அறையின் சுவர். நீலப் பெயின்டில் விரித்த புத்தகம் ஒன்றை வரைந்து, அதற்குக் கீழே பெரிய எழுத்தில் எழுதியிருந்தது:

'தெரியாத சொல்லைக் கண்டு நிற்காதே. தாண்டிப் போ.'

அதற்கும் கீழே என் பெயர். ம. ராஜேந்திரன், முன்னாள் மாணவர், சிங்கப்பூர்.

அப்போது சாப்பிட உட்கார்ந்திருந்தேன். என் மகள் நிவேதா படத்தை எட்டிப் பார்த்துவிட்டு, "அப்பா, சுவத்துல ஏறிட்டீங்க" என்று கிண்டல் செய்தாள். அவள் இங்கேயே பிறந்து வளர்ந்தவள், தமிழில் என் பெயரை மட்டும் அடையாளம் தெரியும், மற்றதை எழுத்துக்கூட்டிக்கூட வாசிக்க மாட்டாள். என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டாள். சொன்னேன். சரியாகத்தான் சொல்லியிருக்கிறீர்கள், எங்கள் பள்ளிக்கூடத்திலும் இப்படித்தான் சொல்லிக் கொடுத்தார்கள் என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டுப் போய்விட்டாள். சோற்றைப் பாதியில் விட்டு எழுந்தேன். தட்டைக் கழுவி வைத்துவிட்டு அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

பிள்ளைகளா, அந்தச் சுவரில் இருப்பது பாதிதான். மிச்சப் பாதியையும் சேர்த்து எழுதாவிட்டால் அந்த வாசகம் ஒரு நாள் யாரையாவது கொன்றுவிடும். ஏற்கெனவே ஒருவனைக் கொன்றிருக்கிறது. அதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

2

மேட்டூர் அணை நேரத்துக்குத் திறக்காத வருஷங்கள் அவை. குறுவை கிடையாது. சம்பாவும் கடைசித் தண்ணீர் கிடைத்தால்தான் உண்டு. என் அப்பா, அம்மா இருவரும் அடுத்தவர் வயலில் கூலிக்கு இறங்கியவர்கள். வாய்க்கால் காய்ந்தால் எங்கள் அடுப்பும் காயும். அதே வருஷங்களில்தான் ஊருக்குள் வெளிநாட்டுப் பேச்சு நுழைந்தது. தஞ்சாவூர் பழைய பஸ் ஸ்டாண்டைச் சுற்றி எங்கே பார்த்தாலும் முப்பது நாளில் ஆங்கிலம் பேசலாம் என்று போர்டு தொங்கும். திருச்சியில் ஓர் ஏஜென்ட் ஆபீஸில் ஆள் எடுக்கிறார்கள் என்று போனேன். இரும்பை அறுத்துக் காட்டினேன், பற்றவைத்துக் காட்டினேன். தலையாட்டினார்கள். அப்புறம் ஆங்கிலத்தில் ஒரு தாளைக் கொடுத்து வாசிக்கச் சொன்னார்கள். நான் வாசித்த அழகைப் பார்த்து அந்த ஆள் தாளை வாங்கி மடித்துக்கொண்டார். "கைக்கு வேலை தெரியுது, கண்ணுக்குத் தெரியலையேப்பா" என்றார்.

திரும்பி வரும்போது பழைய புத்தகக் கடையில் ஓர் ஆங்கிலக் கதைப் புத்தகம் வாங்கினேன். முன்பக்கம் கிழிந்து தலைப்பே இல்லாத புத்தகம். கலங்கரை விளக்கத்தில் தனியாக இருக்கிற ஒரு கிழவன், அவனுடைய நாய், கடலில் புயல். அவ்வளவுதான் கதை. ஆனால் அது கதை என்று எனக்குத் தெரியவே ஒரு மாதமானது. ஒவ்வொரு சொல்லுக்கும் அகராதியைப் புரட்டிக்கொண்டு நாலு பக்கம்தான் நகர்ந்திருந்தேன்.

அப்போது எனக்கு ஒரு கூட்டாளி இருந்தான். சேகர். ஒன்றாவதிலிருந்து என் பக்கத்தில் உட்கார்ந்தவன். ஐ.டி.ஐ.க்கும் ஒன்றாகவே பஸ் ஏறினோம். அவர்கள் வீட்டில் மூணு மா நிலம் குத்தகைக்கு வைத்திருந்தார்கள். நட்டுப் பத்து நாளான வயலில் அங்கங்கே நாற்று பிடிக்காமல் பொக்கையாகக் கிடக்கும். அந்த இடங்களில் வேறு நாற்றைக் கொண்டுபோய் ஊன்ற வேண்டும். பாடுவாசி நிரப்புவது என்போம். உங்களில் பாதிப் பேர் செய்திருப்பீர்கள். ஒரு நாள் அவன் அந்த வேலையாக இருந்தான். நான் வரப்பில் உட்கார்ந்து அகராதியைப் புரட்டிக்கொண்டிருந்தேன். அவன் சேற்றில் நின்றபடி என்னைக் கொஞ்ச நேரம் வேடிக்கை பார்த்தான்.

"ஏண்டா ராசு, நடுற பொம்பளைங்க ஒரு நாத்து சாஞ்சிருச்சுன்னு அங்கேயே நின்னா வரிசை என்னாவுறது? தாண்டிப் போய்க்கிட்டே இரு. பத்து நாள் கழிச்சு வா. எது புடிக்கலையோ அங்க ஊனிக்க."

அவன் வேலை அலுப்பில் சொன்னதுதான். எனக்குச் சட்டென்று பிடிபட்டது. தெரியாத சொல்லையெல்லாம் தாண்டிப் போனேன். தெரிந்த சொற்களைக் கோத்துக்கொண்டு நடுவில் இருப்பதை ஊகித்தேன். கதை ஓடத் தொடங்கியது. புயல் வந்தது, விளக்கு அணைந்தது, நாய் குரைத்தது. அந்த வாரமே புத்தகத்தை முடித்தேன். ஓர் ஆங்கிலப் புத்தகத்தை முடித்துவிட்டேன் என்று தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

பத்து நாள் கழித்து நான் திரும்பி வரவில்லை. அடுத்த புத்தகத்துக்குப் போய்விட்டேன்.

3

இங்கே என் காலை எப்படி என்று சொல்கிறேன். ஐந்தரைக்கு எழுந்து, கம்பெனி பஸ் பிடித்து, ஏழேகாலுக்கெல்லாம் யார்டில் இருப்பேன். இப்போது எனக்குப் பாதுகாப்பு மேற்பார்வை வேலை. கப்பலின் அடிவயிற்றில் கடல் தண்ணீர் நிரப்பி வைக்கிற இரும்புத் தொட்டிகள் இருக்கும். ஓர் ஆள் மட்டும் நுழைகிற வட்டமான வாய் வழியாக ஏணியில் இறங்கி உள்ளே வேலை பார்க்க வேண்டும். யார், எப்போது, எப்படி இறங்கலாம் என்று ஆங்கிலத்தில் அச்சடித்த தாள் ஒன்று அந்த வாயருகே தொங்கும். அதற்குப் பெர்மிட் என்று பெயர். அதைத் தினமும் தமிழில் இரண்டு தடவை வாசிப்பேன். முதல் தடவை மேலிருந்து கீழே, இரண்டாம் தடவை கீழிருந்து மேலே. மன்னார்குடி, ஒரத்தநாடு பக்கமிருந்து புதிதாக வந்திருக்கிற ஆட்கள் ஒருவரையொருவர் இடித்துக்கொண்டு சிரிப்பார்கள். பெரியவர் மந்திரம் ஓதுகிறார் என்பார்கள். சிரிக்கட்டும்.

வீட்டிலும் இதே கதைதான். மருந்துச் சீட்டு, மின்சார ஆபீஸ் கடிதம், லிப்ட்டில் ஒட்டுகிற அறிவிப்பு எல்லாவற்றையும் உதடசைத்துத்தான் வாசிப்பேன். நிவேதா அதைப் பார்த்தாலே நெளிவாள். அவள் சின்ன வகுப்பில் இருந்தபோது பெற்றோர் கூட்டத்துக்குப் போயிருந்தேன். கதைப் புத்தகத்தில் படித்த ஆங்கிலத்தையெல்லாம் சேர்த்து ஆசிரியையிடம் மிக மரியாதையாக நாலு வாக்கியம் பேசினேன். வெளியே வந்ததும் அவள், "அப்பா, நீங்க ஏதோ புயல்ல மாட்டிக்கிட்ட கப்பல் கேப்டன்கிட்ட பேசுற மாதிரி பேசுனீங்க" என்றாள். அதற்கப்புறம் கூட்டத்துக்கு அவள் அம்மாவைத்தான் அழைத்துப் போவாள்.

இப்போது அவள் போனில் எதையும் வாசிப்பதில்லை. பத்துப் பக்கத்துக்கு நிபந்தனை எழுதியிருந்தாலும் கட்டைவிரலால் மேலே தள்ளிக்கொண்டே போய், கடைசியில் சம்மதம் என்று அழுத்திவிடுகிறாள். போன மாதம் பகுதிநேர வேலைக்கு ஏதோ ஒப்பந்தம் வந்தது. அதற்கும் அப்படியே செய்தாள். படித்துப் பார்த்துவிட்டு அழுத்து என்று கொஞ்சம் சத்தமாகவே சொல்லிவிட்டேன். இதுக்கு ஏன்பா இவ்வளவு சத்தம் என்று கேட்டாள். அவளுக்கு நான் சேகரைப் பற்றிச் சொன்னதில்லை.

4

இரண்டாம் தடவை ஏஜென்ட் ஆபீஸில் தேறினேன். சிங்கப்பூர் வந்த புதிதில் பன்னிரண்டு பேர் ஒரே அறையில் இருந்தோம். ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் தேக்காவுக்கு, நம் ஆட்கள் கூடுகிற கடைத்தெருவுக்குப் போவார்கள். நான் அடுக்குமாடிகளின் கீழே பழைய பேப்பரோடு கட்டிப் போட்டிருக்கும் புத்தகங்களைப் பொறுக்கி வருவேன். துப்பறியும் கதை, சமையல் புத்தகம், குழந்தைகளின் படக்கதை, எதுவானாலும் வாசித்தேன். மாதத்துக்கு மூன்று புத்தகம் முடிந்தது. பேச்சும் வந்தது. போர்மேன் சொல்வதை மற்றவர்களுக்கு நான்தான் தமிழில் சொன்னேன். அறையில் எனக்கு 'இங்கிலீஷ் வாத்தியார்' என்று பெயர் விழுந்தது. கடிதம், பேங்க் தாள், மாத்திரை டப்பா எது வந்தாலும் என் கட்டிலுக்குத்தான் கொண்டுவருவார்கள். உண்மையைச் சொன்னால் எனக்கு அது பிடித்திருந்தது. கூலிக்கார வீட்டுப் பையனை யாரும் அதுவரைக்கும் வாத்தியாரே என்று கூப்பிட்டதில்லை.

ஒரு வருஷம் கழித்துச் சேகரும் வந்தான். என் கோஷ்டியிலேயே போட்டார்கள். ஊரில் அவன் மனைவி வசந்தாவும் மூன்று வயது மகளும் இருந்தார்கள். கட்டிலின் தலைமாட்டில் மகளுடைய படத்தை ஒட்டி வைத்திருந்தான்.

அந்தச் சமயம் எங்கள் அறையில் ஒருவருக்கு விடாத இருமல். ஒரு மருந்துப் புட்டியைக் கொண்டுவந்து என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டார். பார்த்துவிட்டு, இரண்டு மூடி, மூன்று வேளை என்றேன். அடியில் பொடி எழுத்தில் ஒரு வரி இருந்தது. அதில் தெரியாத சொற்கள் கிடந்தன. தாண்டிப் போனேன். மறுநாள் மதியம் சாரத்தில், இருபதடி உயரத்தில், அந்த ஆள் நின்றபடியே தூங்கிச் சரிந்தார். பக்கத்தில் நின்ற சேகர் பெல்ட்டைப் பிடித்து இழுத்ததால் பிழைத்தார். தூக்கம் வரும், உயரத்தில் வேலை செய்யாதே என்பதுதான் அந்த வரி.

எல்லோரும் சிரித்து முடித்த பிறகு சேகர் என்னிடம் தனியாக வந்தான். "வாத்தியாரே, ஊனாம விட்டுட்டே போலிருக்கே" என்றான். சிரித்துக்கொண்டுதான் சொன்னான். எனக்குச் சுருக்கென்றது. அடுத்த ஞாயிறு தேக்காவிலிருந்து சட்டைப் பையில் அடங்குகிற சின்ன அகராதி ஒன்று வாங்கி வந்து கொடுத்தான். சிவப்பு அட்டை. வேலைக்கு வரும்போதும் இதை வைத்துக்கொள் என்றான். வைத்துக்கொண்டேன். தினமும் பையில் இருந்தது.

5

அது ஒரு திங்கட்கிழமை. காலையிலிருந்தே மழை. சனிக்கிழமை நாங்கள் பாதி வேலையில் விட்டுப்போன தொட்டியின் இரும்பு மூடியைக் கழற்றிவிட்டு ஐந்து பேர் நின்றுகொண்டிருந்தோம். பெர்மிட் தாள் சனிக்கிழமை மாட்டியது அப்படியே தொங்கியது. பிளாஸ்டிக் உறைக்குள் மழைத்தண்ணீர் இறங்கி ஓரம் நனைந்திருந்தது. எங்கள் போர்மேன் லீவு. அன்றைக்கு வந்தவர் வேறு ஆள். கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார். நீதானே ஆங்கிலம் தெரிந்தவன், இவர்களுக்கு வாசித்துச் சொல் என்று என்னைக் கை காட்டினார்.

வாசித்தேன். பெல்ட், விளக்கு, கயிறு, மேலே ஒரு காவல் ஆள், எல்லாம் சரியாகச் சொன்னேன். கடைசியில் அடியில் ஒரு வரி. அதில் காற்று என்ற சொல் எனக்குத் தெரிந்தது. சோதனை தெரிந்தது. மூடி, நாள், இரண்டும் தெரிந்தன. நடுவில் மூன்று சொற்கள் தெரியவில்லை. கை பைக்குப் போனது. அகராதியின் அட்டை விரலில் பட்டது.

அப்போது பின்னாலிருந்து ஒருவர், "வாத்தியாருக்கே தெரியலையாடோய்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். போர்மேன் இன்னொரு தடவை கடிகாரத்தைப் பார்த்தார்.

நான் கையை வெளியே எடுத்துவிட்டேன்.

தெரிந்த சொற்களைக் கோத்தேன். காற்றைச் சோதித்தாயிற்று, மூடியைத் திறக்கலாம் என்று வந்தது. அப்படித்தான் இருக்க வேண்டும் என்று எனக்கும் பட்டது. இறங்கலாம் என்று சொல்லிவிட்டேன்.

சேகர் எப்போதும் முதலில் இறங்குகிறவன். தொட்டி வாயில் ஒரு காலை வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தான்.

"கடைசி வரி என்னடா சொல்லுது?"

"காத்தைச் சோதிச்சாச்சுன்னு போட்டிருக்கு. இறங்கு."

இறங்கினான். அவன் தலையில் இருந்த விளக்கு ஏணிப்படி ஏணிப்படியாகக் கீழே போவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கீழே போய் ஒரு குரல் கொடுப்பான், அது வழக்கம். குரல் வரவில்லை. விளக்கு ஒரு பக்கமாகச் சாய்ந்து, சுவரைப் பார்த்தபடி அசையாமல் நின்றது.

பிள்ளைகளா, மூடிக் கிடக்கிற இரும்புத் தொட்டி துருப்பிடிக்கும்போது உள்ளே இருக்கிற நல்ல காற்றைத் தின்றுவிடும். வாடை வராது, புகை வராது. உள்ளே போகிறவனுக்கு எதுவும் தெரியாது. இரண்டு மூச்சு போதும். பின்னால் இறங்கப் போன இருவரைப் போர்மேன் சட்டையைப் பிடித்து இழுத்து நிறுத்தினார். இல்லாவிட்டால் மூன்று பேராகியிருக்கும். முகமூடி போட்ட ஆட்கள் வந்து அவனைக் கயிற்றில் கட்டி மேலே எடுக்கிறபோது மழை விட்டிருந்தது.

அன்று சாயங்காலம் ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து அகராதியைப் பிரித்தேன். மூன்று சொற்களுக்கும் அதில் அர்த்தம் இருந்தது. அந்த வரி சொன்னது இதுதான்: காற்றுச் சோதனை அன்றைய நாளுக்கு மட்டுமே, மூடியை ஒரு தடவை மூடிவிட்டால், மறுபடி சோதிக்காமல் யாரும் இறங்கக் கூடாது.

தேடிப் பார்க்க ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை.

6

விசாரணை நடந்தது. ஓர் அதிகாரி, ஒரு மொழிபெயர்ப்பாளர், மேஜைக்கு இந்தப் பக்கம் நான். அந்தத் தாளை அவர்கள் மொழியில் யாராவது விளக்கினீர்களா என்று கேட்டார். நான் விளக்கினேன் என்றேன். முழுவதுமா என்றார். முழுவதும் என்றேன். இல்லை என்று சொன்னால் அடுத்த விமானத்தில் ஏற்றிவிடுவார்கள் என்று பயம். ஊரில் வாய்க்கால் காய்ந்து கிடந்தது. என்னை நம்பி நாலு பேர் இருந்தார்கள். இதெல்லாம் காரணம்தான். ஆனாலும் வாயில் வந்தது பொய்.

நான் சொன்னதை ஆங்கிலத்தில் தட்டச்சு செய்து கொண்டுவந்தார்கள். உனக்குத்தான் ஆங்கிலம் தெரியுமாமே, வாசித்துவிட்டுக் கையெழுத்துப் போடு என்றார்கள். வாசித்தேன். ஆறு தடவை அகராதியைப் புரட்டினேன். அதிகாரி பொறுமையாகக் காத்திருந்தார். எல்லா விதிகளும் தாய்மொழியில் விளக்கப்பட்டும், அந்தத் தொழிலாளி அவற்றை மீறி, சொந்தக் கவனக்குறைவால் இறங்கினார் என்று இருந்தது. என் வாழ்நாளில் ஒரு சொல் விடாமல் நான் வாசித்த முதல் ஆங்கிலத் தாள் அது. வாசித்து, புரிந்துகொண்டு, கையெழுத்துப் போட்டேன்.

என்னோடு நின்ற மூன்று பேரையும் கேட்டார்கள். வாத்தியார் வாசித்தார் என்றார்கள். அவர்களுக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

மறுவருஷம் லீவில் ஊருக்கு வந்தேன். வசந்தா ஒரு கடிதத்தை எடுத்து வந்து கொடுத்தார். சிங்கப்பூர் விசாரணை ஆபீஸிலிருந்து ஆங்கிலத்தில் வந்தது. பஞ்சாயத்து ஆபீஸில் யாரோ மேலோட்டமாகச் சொன்னார்களாம், நீங்க முழுசா வாசிங்கண்ணே என்றார். வார்த்தைக்கு வார்த்தை தமிழில் சொன்னேன். சொந்தக் கவனக்குறைவால் என்ற இடத்தையும் சொன்னேன். அவர் அழவில்லை. "அவரு எப்பவும் அவசரந்தான்ணே. யாரு சொன்னாலும் கேக்க மாட்டாரு" என்று மெதுவாகச் சொன்னார். நாலு வயதுப் பிள்ளை அவர் மடியில் உட்கார்ந்து அந்தக் கவரின் வெளிநாட்டுத் தபால்தலையைப் பிய்த்துக்கொண்டிருந்தது.

அதற்குப் பிறகு ஊரெல்லாம் அதே பேச்சு. சொன்னதைக் கேட்காமல் இறங்கிச் செத்தான். வெளிநாடு போகிற ஒவ்வொருவனுக்கும் சேகரைத்தான் உதாரணம் காட்டுவார்கள். நானும் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்திருக்கிறேன்.

7

அந்தப் பிள்ளைக்கு வருஷத்துக்கு ஒரு தடவை புத்தகப் பார்சல் அனுப்ப ஆரம்பித்தேன். முதலில் படக்கதை, பிறகு சின்னக் கதை, பிறகு பெரிய கதை. ஒரு கடிதத்தில் கேட்டது, தெரியாத வார்த்தை நிறைய வருது மாமா, என்ன செய்யட்டும் என்று. தாண்டிப் போம்மா என்று எழுதினேன். மீதியை எழுதவில்லை. மீதியை எழுதினால் அதை யார் சொன்னது என்று எழுத வேண்டும். அவனைப் பற்றி எழுதினால் மற்றதையும் எழுத வேண்டும்.

பத்து வயதில் ஒரு தடவை போனில் கேட்டது. "மாமா, எங்கப்பா ஏன் சொன்னதைக் கேக்கல?"

"வேகமான ஆளும்மா" என்றேன்.

அந்தப் பிள்ளைதான் உங்கள் கலைச்செல்வி டீச்சர்.

சுவர்ப் படம் வந்த அன்றே அவளைப் போனில் கூப்பிட்டேன். என்னென்னவோ பேசினேன், இதைப் பேச முடியவில்லை. அவள் சந்தோஷத்தில் இருந்தாள். பிள்ளைகள் இப்போது பக்கம் பக்கமாகப் பாய்கிறார்கள் என்றாள். "ஒருத்தர்கூட நிக்கிறதில்லைங்க மாமா. தெரியாத வார்த்தை வந்தா ஒரே தாண்டுதான்." பன்னிரண்டாவது முடித்த ஏழு பேர் இந்த வருஷம் ஐ.டி.ஐ.யில் சேர்ந்திருக்கிறார்களாம். எல்லோருக்கும் சிங்கப்பூர் ஆசைதானாம். உங்க யார்டுக்கே வந்தாலும் வருவாங்க மாமா என்றாள்.

அந்த ஏழு பேரின் முகம் எனக்குத் தெரியாது. ஆனால் யாரோ ஓர் ஆள் தொட்டி வாயில் ஒரு காலை வைத்துக்கொண்டு கடைசி வரி என்ன என்று கேட்பதும், இன்னொருவன் கையைப் பையிலிருந்து எடுத்துவிடுவதும் அன்றிலிருந்து என் கண்ணுக்குள்ளேயே நிற்கிறது.

ஆகவே பிள்ளைகளா, நான் சொல்வதைக் கேளுங்கள். கதைப் புத்தகம் படியுங்கள். நிறையப் படியுங்கள். ஆங்கிலம் அப்படித்தான் வரும், வேறு வழி எனக்குத் தெரியாது. முதல் தடவை படிக்கும்போது தெரியாத சொல்லைத் தாண்டிப் போங்கள், தப்பில்லை. ஆனால் பென்சிலால் அடியில் ஒரு கோடு போட்டுவிட்டுப் போங்கள். பத்து நாள் கழித்து அந்தக் கோடுகளைத் தேடித் திரும்பி வாருங்கள். அகராதியைப் புரட்டுங்கள், டீச்சரைக் கேளுங்கள். பிடிக்காத இடத்தில் ஊன்றுங்கள். கதை என்றால் நீங்கள் ஒன்றிரண்டு சொல்லை விட்டாலும் அதுவே கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போகும். மருந்துப் புட்டியும், தொட்டி வாயில் தொங்குகிற தாளும், கையெழுத்துக்கு நீட்டுகிற காகிதமும் அப்படிக் கூட்டிப் போகாது. அங்கே ஒரு சொல் தெரியாவிட்டாலும் நின்றுவிடுங்கள். பின்னால் நிற்கிறவர்கள் சிரிப்பார்கள். கடிகாரத்தைப் பார்ப்பார்கள். நில்லுங்கள். எனக்கு இது தெரியவில்லை என்று சத்தமாகச் சொல்லுங்கள். இருபத்து நாலு வருஷமாக நான் தினமும் காலையில் மனசுக்குள் சொல்லிப் பார்க்கிற வாக்கியம் அதுதான்.

8

இனி எழுதுவது டீச்சருக்கு.

கலை, இந்தக் கட்டுரை பிள்ளைகள் கைக்குப் போவதற்கு முன்னால் உன் கைக்கு வரும் என்று தெரிந்துதான் எழுதினேன். மலரில் போடுவதும் விடுவதும் உன் இஷ்டம். அம்மாவுக்கு மட்டும் நீ வாசித்துக் காட்டிவிடு. என்னிடம் பேச வேண்டாம் என்று தோன்றினால் பேச வேண்டாம். விசாரணை ஆபீஸுக்கும் ஒரு கடிதம் எழுதி வைத்திருக்கிறேன். இத்தனை வருஷம் கழித்து அதை என்ன செய்வார்கள், என்னை என்ன செய்வார்கள், எதுவும் தெரியாது. நாளைக்குத் தபாலில் சேர்த்துவிடுவேன்.

சுவரில் முதல் வரிக்கும் என் பெயருக்கும் நடுவில் ஒரு சாண் இடம் இருக்கிறது. படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். அந்த இடத்தில் 'பத்து நாள் கழித்துத் திரும்பி வா' என்று எழுதச் சொல். அதற்குக் கீழே என் பெயரைச் சுண்ணாம்பு வைத்து அழித்துவிட்டு அங்கே சேகர் என்று எழுதச் சொல். அது முழுக்க அவன் சொன்னது. நான் பாதியைத்தான் எடுத்துக்கொண்டேன்.

நீ பத்து வயதில் கேட்டதற்கு நான் அன்றைக்குச் சரியாகப் பதில் சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன். உங்கப்பா சொன்னதைக் கேட்காத ஆள் இல்லையம்மா. கடைசி வரி என்ன என்று கேட்டான். நான் சொன்னதைக் கேட்டான். கேட்டுத்தான் இறங்கினான்.